முகமூடிக்கு உதடு கிடையாது

ஊரறியச் சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு சொல் பொய் என்றால் நாளைக் காலை என் பல்செட் எனக்கே பொருந்தாமல் போகட்டும். தலையில் அடித்தும் சத்தியம் செய்யலாம்தான், ஆனால் பழைய சத்தியங்களாலேயே அங்கே ஒரு முடி மிச்சமில்லை, அதனால் பல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். சாலிகிராமத்தில், மூன்று டப்பிங் தியேட்டர்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற சந்தில், நடுக் கட்டடத்தின் முதல் மாடியில், ஒரு வெயில் மத்தியானம், பீதாம்பரம் என்கிற குரல் கலைஞர் கண்ணாடிக் கூண்டுக்குள் மைக் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார். நடந்தது அவ்வளவுதான். நின்றவர் மண்டைக்குள் ஓடியது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், ஏசி வெளியே போகிறது.

கரண்ட் போய் வந்திருந்தது. போனதென்னவோ கண் சிமிட்டும் நேரம், ஆனால் ஒலிப்பதிவுக் கம்ப்யூட்டர் அதைப் பெரிய மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு கறுத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. "அண்ணே, சிஸ்டம் திரும்ப எழுந்திருக்கணும், அப்படியே நில்லுங்க, நகர்ந்தீங்கன்னா மைக் தூரம் மாறிடும்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பொத்தானை அமுக்கிச் சொன்னான் ஒலிப்பதிவாளன் ஜெரால்டு. சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டான். விட்டதோடு அந்தப் பக்கத்து உலகம் ஊமையாகிவிட்டது. சரி, நிற்போம், நிற்பதென்ன புதுசா, முப்பது வருஷமாக இதே இருட்டில் நின்றுதானே பிழைப்பு, எத்தனை இன்ஸ்பெக்டர், எத்தனை பஞ்சாயத்துத் தலைவர், கூட்டத்தில் ஒருவனாக 'விடாதீங்கடா அவனை', கல்யாண வீட்டில் முதுகு மட்டும் தெரிகிற ஆளாக 'பந்தி போடலாமா', குண்டடி பட்டு விழுகிறவனுக்கு ஒரு 'ஆ', மாடியிலிருந்து விழுகிறவனுக்குக் கொஞ்சம் நீளமான 'ஆ', இப்படி 'ஆ'விலேயே ஆயுசு போயிற்றே தவிர ஒரு பாத்திரத்துக்காவது பெயர் இருந்ததா, 'போலீஸ் இரண்டு' என்பது ஒரு பெயரா, 'கிழவர், டீக்கடை' என்பது ஒரு பெயரா, என்று அவர் பெருமூச்சு விடப்போய், பெருமூச்சைக்கூட மைக் பிடித்துவிடுமோ என்று பாதியில் விழுங்கினார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நஸ்ரின் வந்தாள். நஸ்ரின் சானல்காரி. ஆம்பூர்ப் பெண். ஜப்பான் கார்ட்டூன் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுவதும் அவள்தான், பக்கத்தில் உட்கார்ந்து பேசவைப்பதும் அவள்தான், சிரிக்கும்போதுகூடப் புருவத்தை இறக்காதவள். வந்தவள் பையை வைக்கவில்லை, உட்காரவில்லை, நின்றபடியே ஜெரால்டிடம் என்னவோ சொன்னாள். உதடு மூன்று தடவை ஒட்டிப் பிரிந்தது.

மூன்று தடவை. பீதாம்பரம் எண்ணிவிட்டார். டப்பிங்காரனிடம் போய் உதட்டைக் காட்டலாமா, தட்டானிடம் போய்த் தங்கத்தைக் காட்டுகிற மாதிரி, உரசிப் பார்க்காமல் விடுவானா. உதடு ஒட்டினால் ப, இல்லையென்றால் ம, வேறு வழியில்லை. பீ, ஒட்டியாயிற்று. தாம்ப, இரண்டாவது. ரம், மூன்றாவது. சந்தேகமே இல்லை, தன் பெயரைத்தான் சொல்கிறாள். ஏன், பம்பரமாகவும் இருக்கலாமே, பம்பரத்துக்கும் மூன்று தடவைதான் ஒட்டும். ஆனால் சானல் மேற்பார்வைக்கு வந்த பெண் மத்தியானம் மூன்று மணிக்கு ஒலிப்பதிவாளனிடம் பம்பரத்தைப் பற்றி ஏன் பேசவேண்டும். அப்பளமும்? 'அப்பளமும் ரசமும் போதும்' என்று சாப்பாடு சொல்லி அனுப்புகிறாளோ. இல்லை, மூன்று மணிக்கு என்ன அப்பளம். இதோ ஜெரால்டு தலையாட்டுகிறான், அவன் தலையாட்டினால் ஒன்று கிரிக்கெட், இல்லாவிட்டால் யாருக்கோ கெட்ட செய்தி. நஸ்ரின் உதட்டுக்குப் பீதாம்பரம் தன்னையறியாமல் வசனம் போட ஆரம்பித்தார், பழக்கதோஷம், கை சொறிகிற மாதிரி. 'ஜெரால்டு, அந்த ஆள் செய்த காரியம் தெரியுமா.' உதட்டுக்குச் சரியாக உட்கார்ந்தது. 'தெரியும் மேடம், எல்லாமே என்கிட்டப் பதிவாகியிருக்கு.' அதுவும் உட்கார்ந்தது. 'போலீசுக்குச் சொல்லிவிடலாமா.' இதற்குக் கொஞ்சம் இழுக்கவேண்டியிருந்தது, சரி, அவள் போலீஸ் வரைக்கும் போகமாட்டாள். போனாலும் அந்த இன்ஸ்பெக்டருக்கு நாம்தானே குரல் கொடுத்திருப்போம்.

அவர் செய்த காரியம் இருக்கட்டும், முதலில் எதில் செய்தார் என்று சொல்லவேண்டும். 'விளக்கடி நகரம்' என்று தொடருக்குப் பெயர். ஜப்பானில் ஒரு பெரிய பட்டணம். அங்கே ஒவ்வொரு தெருவிளக்குக்கும், ஒவ்வொரு சிக்னலுக்கும், காசு போட்டால் குளிர்பானம் தள்ளுகிற பெட்டிக்கும் ஒரு குட்டிச் சாமி உண்டு. ஹருயோ என்கிற பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கண்ணுக்கு மட்டும் அவை தெரியும். அவள் கையில் ஒரு குடை, அதுதான் ஆயுதம். ஆள் இறங்காததால் மூடிப்போட்ட ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் சாமி வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு, ராத்திரிக்கு ஒரு தெருவாகப் போய் விளக்குகளின் வெளிச்சத்தைத் திருடிவரும். அந்தத் திருட்டுச் சாமிக்கு நிலைய அதிபர் என்று பெயர். அதற்குக் குரல்தான் பீதாம்பரம். முதல் நாள் சும்மா, இன்னொரு கார்ட்டூன், குழந்தைகள் கத்தும், குரங்கு கத்தும், நாமும் கூடக் கத்திவிட்டுப் போவோம் என்றுதான் வந்தார். வந்தவர் அந்த மழையைப் பார்த்தார். அடடா, அந்த மழையை வரைந்தவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கம்பியில் வரிசையாகத் தொங்கி, ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுகிற சொட்டு, ஈரத் தாரில் சிக்னல் சிவப்பு நீளமாகக் கரைகிறது, பச்சை விழுந்ததும் அந்தக் கரைசலே பச்சையாகிறது, வண்டி எதுவும் வரவில்லை, ஆனாலும் ஒரு ஆபீஸ்காரர் பச்சைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார், அவர் காலடியில் சிக்னல் சாமி பெருமையாக உட்கார்ந்திருக்கிறது. நம் ஆற்காடு சாலை சிக்னல் சாமியாக இருந்தால் நெடுநாள் விடுப்பில் போயிருக்கும். வளைந்த காசுகளைத் தின்று வயிற்றுவலியில் சுருண்டு கிடக்கிற பானப் பெட்டிச் சாமி, யாரும் படியேறி வராததால் கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருக்கிற நடைமேம்பாலத்துச் சாமி, இதெல்லாம் யாருக்குத் தோன்றும். அதைவிட, அந்த ஊரில் சாமியைப் பார்த்து எவனும் வாயைப் பிளப்பதில்லை, நூடுல்ஸ் கடைக்காரன் 'நீங்களா, உக்காருங்க' என்கிற மாதிரி இன்னொரு கிண்ணம் வைக்கிறான், அந்தக் கிண்ணத்தில் ஆவி எழும்புகிறது, அங்கேதான் இவர் விழுந்தார். விழுந்து, வீட்டுக்குப் போகிற வழியில் டிரான்ஸ்பார்மர் அடியில் இருக்கிற பிள்ளையாரைப் பார்த்து, ஐயா, உங்களை நாங்கள் எப்போதோ வைத்துவிட்டோமே, இதற்கு ஜப்பான்காரன் எதற்கு என்று கேட்டார். அன்றிலிருந்து மெட்ரோ டிக்கெட் இயந்திரம் சீட்டைத் துப்பினால் லேசாகத் தலை குனிகிறார், அவர் மனைவி சரளா இரண்டு தடவை பார்த்துவிட்டாள், கேட்கவில்லை, கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

அதற்காகத் தொடரில் குறையே இல்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். குறைக்கென்ன பஞ்சம். சண்டை என்று வந்தால் குடையை விரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே, 'ஏழாம் மழையின் பெருங்குடையே, விரிவாய்' என்று அந்தப் பெண் விலாசத்தோடு அறிவித்துவிட்டுத்தான் விரிப்பாள், அவள் சொல்லிமுடிக்கும்வரை எதிரிச் சாமி கோயில் வரிசையில் நிற்கிற மாதிரி மரியாதையாகக் காத்திருக்கும். புஷ்பலீலாதான் அவளுக்குக் குரல். ஐம்பத்தாறு வயசு, மூட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு மாடியேறி வருவாள், 'பீதாம்பரம், நான் பதினாலு வயசுப் பொண்ணு, எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லு' என்பாள். அந்தக் குடை வசனத்தைச் சொல்லிமுடித்ததும் தண்ணி குடித்துவிட்டு, 'இத்தனை நேரத்துல நானே ரெண்டு பேரை அடிச்சிருப்பேன்' என்பாள். அப்புறம் அந்தக் கண்ணாடி போட்ட சிநேகிதன், அவனுக்கு வேலையே, நம் கண்முன்னால் நடந்ததை நமக்கே விளக்கிச் சொல்வது. முந்தின வாரக் கதையை இந்த வாரம் பாதி மறுபடி காட்டுவது. சாமிகளுக்கு ஒரு சட்டம் உண்டு, வெளிச்சத்தில் தொடமுடியாது, ஈரத்தில் பொய் சொல்லமுடியாது என்று, அதுவும் எழுதினவனுக்கு இடைஞ்சலானால் அடுத்த வாரமே புதுச் சட்டம். நடுவில் எல்லோரும் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போனார்கள், ஏன் போனார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது, மூன்று வாரம் ஊறினார்கள். மூச்சு வேறு. அந்த ஊர்க்காரர்கள் கோப்பையைக் கீழே வைத்தால்கூட ஒரு 'ஹா', கதவு திறந்தால் ஒரு 'ங்', கடிதம் வந்தால் 'ம்', எத்தனை 'ம்', சந்தேக ம், சோக ம், நீயா என்கிற ம், நீதானா என்கிற ம், ஒரு நாள் முழுக்க வெறும் ம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய், சரளா 'சாப்பிடறீங்களா' என்றதற்கு மூன்று வகை ம் சொல்லிப் பார்த்தார், எதற்கும் சோறு வரவில்லை. இதையெல்லாம் பொறுத்தார். பொறுக்காத குறை ஒன்றே ஒன்று. திருடுகிறானே அந்த நிலைய அதிபர், ஏன் திருடுகிறான். வாரம் வாரம் திருடுகிறான், திருடிய வெளிச்சத்தை யாருமில்லாத பிளாட்பாரத்தில் அடுக்கிவைக்கிறான், நிற்கிறான். ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. நம் ஊரில் செருப்புத் திருடினவன்கூட ஒரு காரணம் சொல்வான். காரணமில்லாத வில்லனுக்கு எப்படிக் குரல் கொடுப்பது, எங்கே இருந்து மூச்சை எடுப்பது, நெஞ்சிலிருந்தா, வயிற்றிலிருந்தா.

அப்படித்தான் ஒன்பதாவது எபிசோடு வந்தது. பிளாட்பாரம். முகமூடி. பேச்சில்லை. நிற்கிறார் அதிபர், நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார், எங்கோ தண்ணீர் சொட்டுகிறது, இத்தனை நேரம் பேசாமல் நின்றால் நம் வீடுகளில் டிவி கெட்டுப்போய்விட்டதென்று பக்கவாட்டில் தட்டுவார்களே என்று பீதாம்பரத்துக்குக் கை பரபரத்தது. நஸ்ரின் போன் பேச வெளியே போயிருந்தாள். இந்த மூச்சு, முனகல் எல்லாம் பதிவுசெய்கிற நேரத்தில் அவள் உட்காருவதில்லை. ஜெரால்டு ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். முகமூடி. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன ஞானம் பிறந்தது. உதடு தெரிகிறவனுக்கு உதட்டளவுதான் பேசலாம், முப்பது வருஷமாக உதட்டுக்கு அடிமை, அவன் வாயை மூடினால் நாமும் மூடவேண்டும். முகமூடிக்கு உதடு கிடையாது. முகமூடி என்ன வேண்டுமானாலும் பேசலாம். பீதாம்பரம் மைக்குக்குக் கிட்டப் போய், ரகசியம் மாதிரி, 'எல்லா விளக்கும் அணையட்டும் தங்கச்சி. அப்பதான் நம்ம ஸ்டேஷன் வெளிச்சம் மட்டும் உனக்குத் தெரியும்' என்றார். சொல்லிவிட்டு அவருக்கே மயிர் கூச்செறிந்தது.

தங்கச்சி எங்கிருந்து வந்தாள், இதுதான் இத்தனை நாளும் இடறுகிற கல். பீதாம்பரத்துக்குத் தங்கச்சி கிடையாது. மூன்று அண்ணன்கள், மூன்றுபேரும் ரயிலில் ஏறினால் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொள்கிற சாதி, தொலைந்தால் தேடத் தோன்றாது. சித்தப்பா பெண்? அவள் ஆவடியில் சுகமாக இருக்கிறாள். அரக்கோணத்தில் தண்ணி பிடிக்க இறங்கி ரயிலை விட்ட ஒரு பெண்ணைச் சின்ன வயசில் ஜன்னல் வழியே பார்த்த மாதிரி ஒரு ஞாபகம், கையில் கூஜா, ஓடுகிறாள், அது நிஜமா, இல்லை எந்தப் படத்துக்காவது கூட்டத்தில் 'ஏய் புடிங்க புடிங்க' என்று தான் பேசியதா, இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. யாரோ வந்துவிட்டாள். வந்தவளைப் போ என்று சொல்லமுடியுமா. அடுத்தடுத்த எபிசோடுகளில், முகமூடி சும்மா நின்ற இடமெல்லாம் அவளுக்குத்தான். தண்ணிக்காக இறங்கினாள், ரயில் கிளம்பிவிட்டது, இப்போது வளர்ந்திருப்பாள், என்னை அடையாளம் தெரியுமா. பதினேழாவது எபிசோடில் கொஞ்சம் துள்ளிவிட்டார், 'அவளுக்கு மிளகாய் பஜ்ஜின்னா உயிரு' என்று ஜப்பானியச் சாமி வாயால் சொல்லவைத்துவிட்டார், சொன்ன ராத்திரி தூக்கமில்லை. ஆனால் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. சானலின் பம்பாய் ஆபீசில் தமிழ் தெரிந்தவர் கிடையாது, வாய் அசைகிற இடத்தில் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்களாம். ஆனால் தெருவில் நடந்ததே வேறு. தெருப்பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, 'நிலைய அதிபரே, வணக்கம்' என்று மாடியிலிருந்து கத்துகின்றன, இஸ்திரிக்காரர் துணியை நீட்டிக்கொண்டே 'தங்கச்சி வந்துருமா சார்' என்கிறார், பால் பூத்தில் பெயர் கிடைத்துவிட்டது பீதாம்பரத்துக்கு, முப்பது வருஷ 'ஆ'வுக்குப் பிறகு ஒரு பெயர். அது போய்விடும். கண்டுபிடித்தால் வேறொரு குரலை வைத்து எல்லாவற்றையும் துடைத்து எழுதிவிடுவார்கள், துடைத்தால் துடைத்ததுதான், மறுபடியும் 'பந்தி போடலாமா'.

இன்றைக்குக் கடைசி எபிசோடு. முகமூடி கழன்றுவிடுகிறது. ஜெரால்டு காலையில் ஓட்டிக் காட்டினான், சத்தமில்லாமல். சட்டென்று ஒரு முகம், அதில் ஒரு வாய், அந்த வாய் ஒரே ஒரு தடவை கொஞ்சமாகத் திறந்து மூடியது. ஐயோ, இத்தனை நாள் உதடில்லாமல் இருந்தவன் இன்றைக்கு என்ன உளறினானோ, அந்த வாய் நிஜமான காரணத்தைச் சொல்லியிருக்கும், பழிவாங்கல், பூமிக்கடியில் பொக்கிஷம், ஏதாவது, தங்கச்சி அதில் இருக்கமாட்டாள். மூன்று எபிசோடு வெந்நீரில் ஊறவைத்தவன் காரணத்தை மட்டும் கடைசி நிமிஷத்தில் ஒரு வாயசைப்பில் முடிக்கிறான் பார், எல்லா முடிச்சையும் கடைசியில் ஒரே பல்லால் கடிப்பது, இது அந்தத் தொடரின் பெரிய குறை, சொல்லியே தீரவேண்டும், யாரிடம் சொல்வது. வியர்த்தது. பதிவின்போது ஏசியை நிறுத்திவிடுவார்கள், அது இரைச்சல் போடும். அந்த அமைதியில் பீதாம்பரத்தின் வயிறு நீளமாக, கேள்வி கேட்கிற தொனியில், ஒரு குரல் கொடுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெரால்டு திடுக்கிட்டு ஹெட்போனைப் பிடித்தான். பொத்தானை அமுக்கினான்.

"அண்ணே, மைக் வந்துருச்சு. வயித்தைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. அது உங்களுக்கு முன்னாடி டயலாக் பேசுது."

"பயத்துல பேசுதுப்பா."

"இன்னா பயம், ஒரே ஒரு லைன். புஷ்பலீலாம்மா காலைலயே பேசிட்டாங்க. கேட்டுட்டுப் பேசுங்க."

திரையில் பிளாட்பாரம் வந்தது. திருடிய வெளிச்சமெல்லாம் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருக்கிறது. குடைக்காரப் பெண் நனைந்துபோய் நிற்கிறாள். எதிரே அதிபர். முகமூடி கீழே விழுந்து உருண்டு நிற்கிற சத்தம், அதற்கப்புறம் ஹெட்போனில் பதினாலு வயசுக் குரலில் புஷ்பலீலா சொன்னாள், "உங்க தங்கச்சி இனிமே இந்த ஸ்டேஷனுக்கு வரமாட்டாங்க, அதிபரே."

பீதாம்பரம் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். யாரோ வீட்டுக்குள் புகுந்து பீரோவைத் திறந்த மாதிரி இருந்தது. "இது என்ன அநியாயம். யார் இப்படி மாத்தினது. ஒரிஜினல்ல தங்கச்சியே கிடையாதே" என்றார், அதுவும் இன்ஸ்பெக்டர் குரலில். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் பொத்தானை அமுக்கினாள். புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. "கிடையாதுதான் சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பீதாம்பரம் ஒரு ம் சொன்னார். எந்த வகை என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒன்பதாவது எபிசோடுலயே எனக்குத் தெரியும் சார். மறுநாளே வெட்டித் தூக்கிப் போட்டிருப்பேன். அதுக்குள்ள ஒளிபரப்பாயிடுச்சு. எங்க மாமியார் கார்ட்டூனே பார்க்காதவங்க. வெத்தலையை மடிச்சுக்கிட்டே, அந்தப் பொண்ணு வந்துட்டாளா, வந்துட்டாளான்னு வாரம் வாரம் உக்காந்துட்டாங்க. வெட்டினா வீட்டுக்குப் போகமுடியாது. அதனால ஹருயோ வசனத்தையும் நானே அதுக்கேத்த மாதிரி திருப்பிட்டேன். நீங்க ஒரு பொய் சொல்வீங்க, அதுக்குப் பின்னாடியே நான் கோலம் போட்டுக்கிட்டு வருவேன்."

"பஜ்ஜியை மட்டும் நான் எடுத்துட்டேண்ணே" என்றான் ஜெரால்டு. "ட்ரெயின் சத்தம் ஏத்தி விட்டுட்டேன். மனசே இல்லாமத்தான்."

"அப்போ எல்லாருக்கும் தெரியும்."

"புஷ்பலீலாம்மாவுக்கும் தெரியும். பாவம், தங்கச்சியைச் சேர்த்துவெச்சுட்டு முடிங்கடான்னு என்கிட்டச் சண்டை போட்டாங்க" என்றாள் நஸ்ரின். அப்புறம் குரல் தாழ்ந்தது. "இப்ப மாட்டிக்கிட்டது நான் சார். உதடு தெரியுது. ஒரிஜினல்ல அந்தப் பொண்ணு, இனிமே இங்க யாரும் வரமாட்டாங்கன்னுதான் சொல்றா. அதுக்கு அவர் சொல்றது, 'யாருக்காகக் காத்திருந்தேன்னு மறந்துபோச்சு.' அவ்வளவுதான் கதை. அதை அப்படியே வெச்சா உங்க தங்கச்சி அந்தரத்துல தொங்குறா. தங்கச்சியை வெச்சா இது ஒட்டல. மூணு வாட்டி எழுதி கிழிச்சேன். நீங்க ஆரம்பிச்சது, நீங்க முடிங்க. முடியலன்னா ஒன்பதுலேர்ந்து எல்லாத்தையும் சுத்தமாத் திரும்பப் பேசணும். அதை உங்க குரல்ல பேச பம்பாய் விடமாட்டாங்க."

பொத்தானை விட்டாள். மறந்துபோச்சு. பீதாம்பரம் கண்ணாடியையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை, மைக் தாங்கியில் சுற்றியிருந்த கறுப்பு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துபோச்சா. காரணம் சொல்லத் தெரியாத எழுத்தாளன், காரணமில்லாத திருடன் என்று இத்தனை வாரமாகத் திட்டினோமே, அவன் சொல்லாமல் சொல்லாமல், அத்தனை மழையையும் பெய்யவிட்டு, ஒருத்தரும் இறங்காத நிலையத்தில் நிற்கிற சாமி எதற்கு நிற்கிறோம் என்பதையே மறந்துபோய் நின்றுகொண்டிருக்கிறது என்று இதற்காகத்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தானா. அந்தச் சும்மா நின்ற நிற்பெல்லாம் அதுதானா. அதில் போய் நாம் ஒன்பதாவது வாரத்திலேயே தங்கச்சியைக் கொண்டுவந்து, அப்புறம் பஜ்ஜியையும் கடித்துக்கொண்டு. வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு நடுவில் கொஞ்சம் கோபமும், அடேய், இவ்வளவு நல்லதை வைத்துக்கொண்டா நீ அந்த வெந்நீர் ஊற்றுக்குப் போனாய் என்று. தங்கச்சியை எடுத்துவிடலாமா. எடுத்தால் இஸ்திரிக்காரருக்கு என்ன பதில், நஸ்ரின் மாமியாருக்கு என்ன பதில், கூஜாவோடு ஓடுகிறாளே அவளுக்கு என்ன பதில். அவள் வந்தாகவேண்டும் இல்லையா, வரமாட்டாள் என்றுதான் புஷ்பலீலா பேசிவிட்டுப் போய்விட்டாளே. கூஜாவா, சொம்பா. ஓடினாளா, நின்றாளா. யாருக்காக இந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தேன், முகம் எப்படி இருந்தது, நினைத்துப் பார்க்கப் பார்க்க அரக்கோணம் இருக்கிறது, ஜன்னல் கம்பி இருக்கிறது, துருவின் வாசனைகூட இருக்கிறது, அவள் மட்டும் இல்லை.

"போலாமாண்ணே?" என்றான் ஜெரால்டு.

பீதாம்பரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. முகமூடி உருண்டு நின்றது. அதற்குப் பின்னாலிருந்த முகத்தை இப்போதுதான் அவர் ஒழுங்காகப் பார்த்தார், பூதமில்லை, கோரைப்பல் இல்லை, எங்கேயோ ஒரு கவுண்டரில் வெகுநாள் உட்கார்ந்து எழுந்த மனிதனின் சாதாரண முகம். உங்க தங்கச்சி இனிமே இந்த ஸ்டேஷனுக்கு வரமாட்டாங்க, அதிபரே. அந்த முகம் அவளைப் பார்த்தது. வாய் கொஞ்சம் திறந்தது.

"எந்தத் தங்கச்சி?" என்றார் பீதாம்பரம்.

கேட்டது மிக மரியாதையாக, வழி கேட்க வந்தவரிடம் திரும்பக் கேட்கிற மாதிரி. வாய் மூடியது. திரையில் பாட்டில்கள் ஒவ்வொன்றாக உடைந்து, வெளிச்சம் படியேறி ஊருக்குள் திரும்பிப் போக ஆரம்பித்தது.

ஜெரால்டு வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தான், "அண்ணே, சேஃப்டிக்கு இன்னொரு டேக்..."

"வேண்டாம்" என்றாள் நஸ்ரின். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அது ஒளிபரப்பான சாயங்காலம் நஸ்ரினின் மாமியார் வெற்றிலையை மடித்தபடியே 'பாவி, மறந்துட்டானே' என்று ஒரே வார்த்தை சொன்னதாகக் கேள்வி. பால் பூத்தில் மறுநாள் பீதாம்பரத்துக்குப் பாக்கெட்டை இரண்டு கையாலும் கொடுத்தார்களாம். எழுதின ஜப்பான்காரரே இந்தத் தமிழை யாரையோ வைத்துப் பெயர்த்துக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றும் சாலிகிராமத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்பவில்லை, ஒரு நாள் இருக்கும். உங்களுக்குத் தோன்றினால் நாலு பேரிடம் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள், வேண்டுமானால் இரண்டு நாளை மூன்றாக்கிக்கூடச் சொல்லுங்கள். ஆனால் யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் இன்னும் அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறேன்.